காசுக்கேத்த தோசையா கிட்டார் மாடலர்?

கிட்டார் வாசிக்கிற இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே கருவிகள் பக்கம் போய்விடும். "என்ன ப்ராசஸர் வச்சிருக்கீங்க?" என்று தொடங்கும். "நிஜ ஆம்ப் மாதிரி வருதா?" என்று போகும். "எவ்வளவு ஆச்சு?" என்பதில் வந்து நிற்கும். கடைசிக் கேள்விக்குச் சொல்லும் தொகை பெரிதாக இருந்தால், நடுக் கேள்விக்குச் சொன்ன பதிலை எதிரில் இருப்பவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நம்புவார். காசுக்கேத்த தோசை என்று கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஒரு காலத்தில் அது சரியாகவும் இருந்தது. மலிவான ப்ராசஸரின் டிஸ்டார்ஷனைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டே விலையைச் சொல்லிவிடலாம். இப்போது முடியாது என்பது என் கட்சி. ஆம்ப் சத்தம் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால், 180 டாலர் பெடலுக்கும் 2000 டாலர் கருவிக்கும் நடுவே காதுக்குப் பிடிபடும் தூரம் ரொம்பக் குறைந்துவிட்டது. மிச்சப் பணம் வேறு எதற்கோ போகிறது. அந்த வேறு ஏதோ நமக்குத் தேவையா என்று பார்ப்பதுதான் வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலை.

கிட்டார் வாசிக்காதவர்களுக்காக ஒரு பத்தி. எலெக்ட்ரிக் கிட்டாரின் சத்தம் பாதிதான் கிட்டாரில் இருக்கிறது. மீதி ஆம்ப்ளிஃபயரில். கம்பியின் அசைவைப் பிக்கப் மெல்லிய மின்சாரமாக்கி அனுப்புகிறது. ஆம்பில் உள்ள டியூப்கள் அதைப் பெருக்கும்போதே கொஞ்சம் நசுக்கி, ஓரங்களை மழுங்கடித்து, இல்லாத சுரங்களையும் சேர்த்துவிடுகின்றன. அதற்குத்தான் டிஸ்டார்ஷன் என்று பெயர். பொறியாளர் கண்ணில் அது பிழை. ப்ளூஸுக்கும் ராக்குக்கும் அதுதான் உயிர். சிக்கல் என்னவென்றால், அந்த ஆம்ப்கள் கனமானவை. ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் 85 வாட், ஏறக்குறைய 29 கிலோ. அதன் குணம் வெளியே வர வால்யூமை நன்றாகத் திருப்ப வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பில் அதைச் செய்தால் அசோசியேஷன் செக்ரட்டரி வீட்டு வாசலில் நிற்பார். மாடலர் என்பது அந்த ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, பெட்டிக்கு முன்னால் வைத்த மைக் என்று எல்லாவற்றையும் கணக்காக மாற்றி ஒரு சிப்புக்குள் அடைத்து வைத்த கருவி. பேச்சில் ப்ராசஸர் என்பதும் இதைத்தான்.

நம் ஊர் கிட்டார்காரர்களுக்கு இதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. மேற்கே பலர் ஆம்பில் வாசித்துப் பழகிவிட்டு அப்புறம் மாடலருக்கு வந்தார்கள். நம் மெல்லிசைக் குழுக்களில் பெரும்பாலும் ஆம்பே கிடையாது. கிட்டாரிலிருந்து ப்ராசஸர், அதிலிருந்து சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் டிஐ பாக்ஸ், அங்கிருந்து நேராக மிக்ஸர். கல்யாண ரிசப்ஷன் என்றாலும் கோயில் திருவிழா என்றாலும் இதே வழிதான். "நிஜ ஆம்ப் மாதிரி" என்று நாங்கள் சொல்லும்போது மனதில் ஓடுவது, எங்கோ ஒரு ஸ்டூடியோவில் மைக் வைத்துப் பிடித்து, கலந்து, கேசட்டிலும் சிடியிலும் வந்து சேர்ந்த சத்தம். ஆம்புக்கு நேர் எதிரே நின்று, பேண்ட் துணி படபடக்க வாசிக்கும் அனுபவம் நம்மில் ரொம்பப் பேருக்கு வாய்த்ததில்லை. மாடலர் போலி செய்வதும் அந்த மைக் வைத்துப் பிடித்த சத்தத்தைத்தான். ஆகவே "அறையில் இருக்கிற மாதிரி இல்லையே" என்று மேற்கத்தியர்கள் புலம்புவதில் பாதி நமக்குப் பொருந்தவே பொருந்தாது. நாம் தேடியதே பதிவில் கேட்ட சத்தம். கருவி தருவதும் அதுதான்.

வரலாற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1989ல் நியூயார்க்கின் டெக் 21 நிறுவனம் சான்ஸ்ஆம்ப் என்ற பெடலைக் கொண்டுவந்தது, முழுக்க அனலாக். 1995ல் ரோலண்டின் விஜி-8. 1998ல் லைன் 6 நிறுவனத்தின் பாட், ராஜ்மா விதை வடிவத்தில் சிவப்பாக ஒன்று. டிஜிட்டல் மாடலிங்கை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது அதுதான். 2006ல் ஃப்ராக்டல் ஆடியோவின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் வந்தபோதுதான் பெரிய மேடைக்காரர்கள் ஆம்பை வீட்டில் விட்டுவிட்டு வரலாமா என்று யோசிக்கத் தொடங்கினார்கள். 2011ல் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கெம்பர், அதுவரை சிந்தசைஸர் செய்துகொண்டிருந்தவர், வேறொரு வழியைத் திறந்தார். அந்த வழியைப் புரிந்துகொண்டால் இன்றைய விலைக் குழப்பம் பாதி தெளிந்துவிடும்.

முதல் வழி, ஆம்பின் சர்க்யூட்டைப் பாகம் பாகமாகக் கணக்கிடுவது. இந்த டியூபின் வளைவு இப்படி, டோன் கட்டுப்பாடுகள் ஒன்றையொன்று இப்படி இழுக்கும், ஓங்கி அடித்தால் பவர் சப்ளை கொஞ்சம் தொய்ந்து திரும்பும் என்று எல்லாவற்றுக்கும் சமன்பாடு. ஃப்ராக்டல், லைன் 6 ஆகியவை இந்தப் பள்ளி. இதில் திரையில் தெரியும் பேஸ் குமிழைத் திருப்பினால் நிஜ ஆம்பில் அந்தக் குமிழைத் திருப்பினால் என்ன ஆகுமோ அது ஆகும், அல்லது ஆக வேண்டும் என்று முயல்வார்கள். இரண்டாவது வழியில் சர்க்யூட்டைப் பற்றிக் கவலையே இல்லை. நிஜ ஆம்புக்குள் ஒரு சோதனைச் சத்தத்தை அனுப்பு, வெளியே வருவதைப் பதிவு செய், இதை அதுவாக மாற்றும் கணக்கைக் கண்டுபிடி. கெம்பர் இதை ப்ரொஃபைல் என்றார், இப்போது எல்லோரும் கேப்சர் என்கிறோம். ஹெல்சிங்கியின் நியூரல் டிஎஸ்பி தன் க்வாட் கார்டெக்ஸிலும், இத்தாலியின் ஐகே மல்டிமீடியா தன் டோன்எக்ஸிலும் இந்த வேலையை, உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்கும் நியூரல் நெட்வொர்க்கிடம் ஒப்படைத்தன.

அதன் பிறகு நடந்ததுதான் சுவாரசியம். ஸ்டீவன் அட்கின்சன் என்பவர் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருளை எழுதி, மூல நிரலோடு சும்மா கொடுத்துவிட்டார். சுருக்கமாக NAM என்கிறார்கள். தமிழில் அது 'நாம்' என்றே வந்துவிடுவதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அதன் உள்ளே ஓடுவது வேவ்நெட் என்ற அமைப்பு. டீப்மைண்ட் 2016ல் பேச்சொலியை உருவாக்கக் கொண்டுவந்தது. நம்மிடம் ஒரு ஆம்பும், ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோகும் ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் போதும். அவர்கள் தரும் சோதனை ஒலிக்கோப்பை ஆம்ப் வழியாக ஓட்டிப் பதிவு செய்து, கூகுள் கோலாப் என்ற இணையவழிக் கணினிச் சேவையில் ஏற்றினால், இலவசக் கணினி நேரத்திலேயே பயிற்சி நடந்து முடிந்துவிடும். முடிவில் நிஜ ஒலிக்கும் கணித்த ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு எண்ணாகச் சொல்லும். 0.01க்குக் கீழே வந்தால் "அருமை" என்று பாராட்டும். 0.035க்குள் இருந்தால் "பரவாயில்லை". அதற்கும் மேலே போனால் மென்மையாக வருத்தம் தெரிவிக்கும். பக்கத்து வீட்டு வாத்தியார் மாதிரி ஒரு மென்பொருள். இப்படி உலகம் முழுக்க ஆட்கள் எடுத்த ஆயிரக்கணக்கான கேப்சர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரிய கருவிகளின் விலையைத் தாங்கிப் பிடித்திருந்த "எங்கள் சத்தம் வேறு எங்கும் கிடைக்காது" என்ற தூண் இங்கேதான் ஆடியது.

அந்தத் தூணை நிறுவனங்களே ஏற்கெனவே அறுத்துவைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். லைன் 6 ஹீலிக்ஸ் 2015ல் 1499 டாலருக்கு வந்தது. மூன்று வருடம் கழித்து, அதே ஆம்ப் மாடல்களோடு ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் 599 டாலருக்கு வந்தது. ஒன்று ஆறரை கிலோ, மற்றது ஒரு கிலோவும் கொஞ்சமும். இரண்டிலும் ஒரே ஆம்பைத் தேர்ந்து, ஒரே ஸ்பீக்கர் பெட்டியை வைத்து, எல்லாக் குமிழையும் ஒரே எண்ணில் நிறுத்தினால் வரும் சத்தம் ஒன்றுதான். ஃப்ராக்டலிலும் இதே கதை. 2018ன் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3 வந்தபோது 2500 டாலர் அளவில் இருந்தது, அப்புறம் வந்த எஃப்எம்3 ஆயிரம் டாலர். ஆம்ப் மாடலிங் ஒரே குடும்பம். டோன்எக்ஸின் பெரிய பெடல் 2023ல் 400 டாலர், அடுத்த ஆண்டு வந்த டோன்எக்ஸ் ஒன் 180 டாலர், உள்ளங்கைக்குள் அடங்கும். இரண்டும் வாசிப்பது ஒரே கேப்சர்களை.

அப்படியானால் கூடுதல் காசு எதற்கு? முதலில் பிராசஸிங் சக்தி. ஒரே நேரத்தில் எத்தனை எஃபெக்ட்களை அடுக்கலாம் என்பது அதைப் பொறுத்தது. ஹெச்எக்ஸ் ஸ்டாம்ப் வந்தபோது ஆறு பிளாக்தான் (ஒரு ஆம்போ ஒரு எஃபெக்டோ ஒரு பிளாக்), பிறகு மென்பொருள் புதுப்பிப்பில் எட்டு ஆனது. பெரிய ஹீலிக்ஸில் இரண்டு முழு ஆம்புகளை ஓடவிட்டு மேலே எஃபெக்ட்களையும் கொட்டலாம். அடுத்தது காலுக்கான ஸ்விட்ச்கள். அப்புறம் பின்பக்கத்து ஓட்டைகள்: எக்ஸ்எல்ஆர் அவுட், எஃபெக்ட் லூப், எக்ஸ்பிரஷன் பெடல், மிடி. பெரிய திரை. அந்தத் திரையை இருட்டு மேடையில் குனியாமல் படிக்க முடிகிற வசதி. இவை எதுவும் டோன் கிடையாது. ஆனால் மேடையில் வாசிப்பவருக்கு இவை டோனைவிட முக்கியமாகிவிடும் நாள் உண்டு. பாட்டின் முதல் இடையிசையில் கோரஸ் போட்ட க்ளீன் (டிஸ்டார்ஷன் இல்லாத சத்தம்), பல்லவிக்குத் திரும்பும்போது அகூஸ்டிக் போல ஒன்று, இரண்டாம் இடையிசையில் லீட், இதெல்லாம் ஒரே பாட்டுக்குள் வரும் நம் மெல்லிசை மேடையில். ஒரே ஒரு ஸ்விட்ச் இருக்கிற பெடலை வைத்து அதைச் சமாளிக்க முயன்றால் கை வாசிப்பதைக் கால் கெடுத்துவிடும்.

சத்தத்தைப் பற்றி இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்கு ஒரு சோதனை காரணம். வளசரவாக்கத்தில் ஒரு நண்பரின் வீட்டு ஸ்டூடியோ. அவரிடம் 15 வாட் டியூப் ஆம்ப் ஒன்று உண்டு. அதற்கு முன்னால் ஷூர் எஸ்எம்57 மைக் வைத்தோம். கிட்டாரை முதலில் எதுவும் இல்லாமல் வெறுமனே பதிவு செய்துகொண்டோம். க்ளீன் ஆர்ப்பெஜியோ, லேசாக உடையும் ரிதம், உள்ளங்கையால் கம்பியை அமுக்கி அடிக்கும் கனமான பாம் மியூட், ஒரு லீட். பிறகு அந்த ஒரே பதிவை ரீ-ஆம்ப் பாக்ஸ் மூலம் நிஜ ஆம்புக்கும் ஒவ்வொரு கருவிக்கும் அனுப்பினோம். அந்த ஆம்பையே 'நாம்' மென்பொருளிலும் டோன்எக்ஸிலும் நண்பர் கேப்சர் எடுத்து வைத்திருந்தார். ஸ்டாம்பில் நெருங்கிய ஃபெண்டர் மாடலைக் காதால் சரிசெய்தோம். கையில் வாசிக்கும் மாறுபாடு கலக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இதில் ஒரு விஷயத்தில் நண்பர் கறாராக இருந்தார். மீட்டரை வைத்து எல்லாவற்றின் சத்த அளவையும் சமமாக்கிய பிறகுதான் ப்ளே பட்டனைத் தொட்டார். "அரை டெசிபல் கூடுனாலே காது அதைத்தான் நல்லாருக்குன்னு சொல்லும். யூட்யூப்ல பாதி ஒப்பீடு இதனாலதான் குப்பை" என்றார். சரி என்று கோப்புகளுக்குப் பெயர் மறைத்து எண் போட்டு, கீபோர்டு வாசிக்கும் தம்பியையும் கூட்டிவைத்துக் கேட்டோம்.

க்ளீனில் யாருக்கும் பிடிபடவில்லை. லேசாக உடையும் சத்தத்தில் நான் நிஜ ஆம்ப் என்று அடித்துச் சொன்னது கேப்சரை. தம்பி நிஜ ஆம்பைக் கேட்டுவிட்டு, "இது என்னண்ணே, கொஞ்சம் டல்லா இருக்கு, இதுதான் சீப் பெடலா?" என்றான். கனமான பாம் மியூட்டில் மட்டும் கொஞ்சம் தடயம் கிடைத்தது. அடிச்சத்தம் இறுகுவதிலும் விடுவதிலும் ஸ்டாம்பும் ஆம்பும் வேறுபட்டன. அது மாடலின் குற்றம் என்று சொல்ல முடியாது, அது வேறொரு ஆம்பின் மாடல். அப்புறம் நண்பர் விஷமமாக ஒன்று செய்தார். ஒரே கேப்சரை எடுத்து, பின்னால் இருந்த ஸ்பீக்கர் கோப்பை மட்டும் மாற்றினார். அன்றிரவு கேட்டதில் பளிச்சென்று தெரிந்த வித்தியாசம் அதுதான். எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிந்தது.

அந்த ஸ்பீக்கர் கோப்பை ஐஆர் என்கிறோம். ஸ்பீக்கர், பெட்டி, மைக் மூன்றும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதன் சிறு பதிவு. 2048 சாம்பிள் நீளம் என்றால் 48 கிலோஹெர்ட்ஸில் வெறும் 43 மில்லி செகண்ட். கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே செங்குத்தாக இறங்கிவிடும். அதனால்தான் ஐஆர் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேரே மிக்ஸரில் போட்டால் தகர டப்பாவுக்குள் குளவி புகுந்தது போல இருக்கிறது. செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் நடுவில் மைக்கை வைத்தால் கூர்மை, இரண்டு சென்டிமீட்டர் ஓரத்துக்கு நகர்த்தினால் இதம். ஒரு ஆம்புக்கும் இன்னொரு ஆம்புக்கும் உள்ள தூரத்தைவிட இந்த இரண்டு சென்டிமீட்டர் பெரிது என்று சத்தியம் செய்யத் தயாராக இருக்கிறேன். நல்ல ஐஆர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. காசு கொடுத்து வாங்கினாலும் ஒரு செட் கம்பி விலைக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். பலர் மாடலரை மாற்றுவது, உண்மையில் ஐஆரை மாற்றியிருக்க வேண்டிய இடத்தில்.

பதிவைக் கேட்பது ஒன்று, கையில் பிடித்து வாசிப்பது வேறு. விலை உயர்ந்த கருவியின் பக்கம் நான் சாய்வது இங்கே மட்டும்தான். கிட்டாரின் வால்யூம் குமிழைப் பாதிக்கு இறக்கினால் டிஸ்டார்ஷன் துடைத்தாற்போல் ஒழிந்து க்ளீன் ஆக வேண்டும். நல்ல கேப்சர் இதை அழகாகச் செய்யும்; மலிவான பழைய மாடல்கள் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு அதே கரகரப்போடு நிற்கும். ஆனால் கேப்சரில் ஆம்பின் கெயினைக் கூட்டிப் பார்க்கலாம் என்று குமிழைத் திருப்பினால், அது பெரும்பாலும் கேப்சருக்கு முன்னால் உள்ள அளவைக் கூட்டுகிறது; அந்த ஆம்ப் அப்படி நடந்துகொள்ளாது. ஒரே ஆம்பைப் பிடித்துக்கொண்டு குமிழ்களோடு விளையாடுபவர்களுக்குப் பாகம் பாகமாகக் கணக்கிடும் ஃப்ராக்டல், லைன் 6 வழிதான் ஒத்துவரும். குமிழ்களின் ஒரு நிலை பிடித்துப்போனால் அதைத் தொடாதவர்களுக்குக் கேப்சர் போதும். நான் இரண்டாம் வகை.

மலிவான கருவியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஹை கெயின் சத்தத்தை வைத்து, முதல் கம்பியில் மேல் ஃப்ரெட்டில் ஒரு சுரத்தை மெதுவாக வளைத்து மேலே ஏற்றுங்கள். சுரம் மேலே போகும்போது பின்னணியில் மெல்லிய விசில் ஒன்று கீழே இறங்குகிறதா என்று காதைக் கூர்மையாக வைத்துக் கேளுங்கள். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல் சுரங்கள் கருவியின் எல்லையைத் தாண்டும்போது மடங்கித் தவறான இடத்தில் விழுகின்றன, அதுதான் அந்த விசில். இதை அடக்க உள்ளே பல மடங்கு வேகத்தில் கணக்குப் போட வேண்டும், அதற்குச் சக்தி வேண்டும், சக்திக்குக் காசு. கேப்சர்களிலும் சில சமயம் எட்டிப்பார்க்கும். மெட்டல் வாசிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மற்றவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தாமதம் பற்றிய பயமும் அப்படித்தான். நல்ல மாடலரில் கம்பியைத் தொட்டதிலிருந்து சத்தம் வர இரண்டு மூன்று மில்லி செகண்ட். காற்றில் ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். அதாவது ஆம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். மேடையில் அதைவிட தூரம் நின்று வாசிக்காதவர் யார்? மடிக்கணினியில் 'நாம்' மென்பொருளை ஓட்டும்போது மட்டும் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரு தடவைக்கு எவ்வளவு ஒலியைச் சேர்த்துவைத்துக் கணக்கிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இலவசம் என்று சொன்னாலும் அங்கே கணினி, இன்டர்ஃபேஸ் இரண்டுக்கும் காசு உண்டு என்பதை நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் ஏற்கெனவே அவை இருப்பவருக்கு இதைவிட லாபமான வழி கிடையாது. சத்தத்தில் எந்தக் கருவிக்கும் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

மேடைக்கு வருவோம். திருவிழா மேடையில் கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடி. கீபோர்டுக்காரர் சபித்துக்கொண்டே பேட்சைத் தேடுவார். பெரிய மாடலர் வைத்திருப்பவர் திரையில் கம்பெனி லோகோவைப் பார்த்துக்கொண்டே நிற்பார், ஏனென்றால் உள்ளே ஒரு முழுக் கணினி எழுந்திருக்க வேண்டும். பாடகர் இதற்குள் சரணத்துக்குப் போய்விடுவார். சின்னப் பெடல்கள் சீக்கிரம் எழுந்துவிடும். சத்தம், விலை என்று எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் இந்த நேரத்தைப் போடுவதில்லை. நம் ஊரில் வாசிப்பவர் கடையிலேயே ஒருமுறை கருவியை அணைத்துப் போட்டு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது நல்லது. சின்ன யுபிஎஸ் ஒன்றை மேடைக்குக் கொண்டுபோகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், புத்திசாலிகள்.

இன்னொன்று, ராத்திரி ஹெட்ஃபோனில் செதுக்கிய டோன் மேடையில் காலை வாரிவிடும். மெதுவான சத்தத்தில் காது அடிச்சத்தத்தையும் மேல்சத்தத்தையும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1933லேயே வரைந்து காட்டிவிட்டார்கள். குறைவாகக் கேட்கிறதே என்று நாம் இரண்டையும் கூட்டி வைப்போம். மேடையில் அதே டோன் பேஸ் கிட்டாரோடு சண்டை போட்டு, மேலே காதைக் குத்தும். மிக்ஸர்காரர் கிட்டார் சேனலை இறக்கிவிடுவார், நாம் கருவியைத் திட்டுவோம். 2000 டாலர் கருவிக்கும் இதே கதிதான். மேடைச் சத்தத்தில் ஒருமுறை வைத்து, அடிச்சத்தத்தை வெட்டும் 'லோ கட்' 100 ஹெர்ட்ஸ் பக்கமும் மேல்சத்தத்தை வெட்டும் 'ஹை கட்' 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கமும் இருக்கும்படி வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மோனோவிலும் கேட்டுப் பார்த்துவிடுங்கள். நம் சவுண்ட் சர்வீஸில் கிட்டாருக்கு இரண்டு சேனல் கொடுப்பது அபூர்வம். அகலமான ஸ்டீரியோ கோரஸ் மோனோவில் பாதி காணாமல் போகும்.

விலைக்கு வந்தால், டாலரை ரூபாயாக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுவதில் பொருளில்லை. இறக்குமதித் தீர்வை, ஜிஎஸ்டி, விநியோகஸ்தர் பங்கு எல்லாம் சேர்ந்து இங்கே கடையில் சொல்லும் தொகை வேறு உயரத்தில் இருக்கும். அமெரிக்காவிலிருந்து வரும் பெரியப்பா மகன் பெட்டியில் வாங்கி வரச் சொல்வது ஒரு வழி. பெரும்பாலும் வாரண்டி இங்கே செல்லாது என்பதை ஏற்றுக்கொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். வாரண்டி இருந்தாலும் பெரிய நிம்மதி என்று சொல்ல மாட்டேன். நான் வைத்திருந்த ஒரு கருவியின் கால் ஸ்விட்ச் ஒரு அமுக்குக்கு இரண்டு தரம் வேலை செய்யத் தொடங்கியது. சர்வீஸ் சென்டரில் கேட்டால் போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள், மாதங்கள் ஓடின. கடைசியில் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். ஒரு சந்துக் கடையில் அந்த அண்ணன் மூடியைத் திறந்து, கால் வைக்கும் பொத்தானுக்கு அடியில் இருந்த தக்கணூண்டு டாக்ட் ஸ்விட்சைக் காட்டினார். "இதுதான் தம்பி போயிருக்கு, மிச்சதெல்லாம் ராஜா மாதிரி இருக்கு." சால்டரிங் அயர்ன் சூடாகிற நேரம்தான் எடுத்தது. ஸ்விட்சின் விலை ஒரு டீ விலைகூட இல்லை. அதற்குப் பிறகு கருவி வாங்கும்போது உள்ளே எல்லாம் ஒரே போர்டில் ஒட்டியிருக்கிறதா, ஸ்விட்ச் தனிப் போர்டா என்று பிரித்துப் போட்ட படங்களைத் தேடிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

அதிக விலைக்கு ஆதரவாக ஒரு வலுவான வாதம் உண்டு, ஆயுள். 2015ன் ஹீலிக்ஸுக்குப் பல வருடங்கள் கழித்தும் புது ஆம்புகளும் எஃபெக்ட்களும் இலவசப் புதுப்பிப்பாக வந்துகொண்டிருந்தன. ஃப்ராக்டல்காரர்கள் ஆம்ப் கணக்கையே அவ்வப்போது மாற்றி எழுதி இலவசமாகக் கொடுப்பார்கள். கெம்பரும் முதல் தலைமுறைக் கருவியை நீண்ட நாள் கைவிடவில்லை. மலிவு வரிசையில் நிறுவனங்கள் அடுத்த மாடலைக் கொண்டுவந்துவிட்டுப் பழையதை மறந்துவிடுவது சகஜம். வாங்கிய விலையை உபயோகிக்கும் வருடங்களால் வகுத்துப் பார்த்தால் சில சமயம் பெரிய கருவி மலிவாகத் தெரியும். வகுப்பதற்கு முன்னால் நாம் உண்மையிலேயே அத்தனை வருடம் ஒரே கருவியை வைத்திருப்போமா என்று மனசாட்சியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கிட்டார்காரர்களின் மனசாட்சி இந்த விஷயத்தில் நம்பத்தகுந்தது கிடையாது.

என் யோசனை இதுதான். வீட்டில் வாசித்துப் பதிவு செய்பவர் 'நாம்' மென்பொருளோடு தொடங்கட்டும். மிச்சப்படும் காசில் நல்ல ஹெட்ஃபோனோ ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கரோ வாங்கட்டும், எந்த மாடலரைவிடவும் டோன் அதில்தான் முன்னேறும். கணினியோடு மல்லுக்கட்டப் பிடிக்காதவருக்கு டோன்எக்ஸ் ஒன் அளவில் ஒரு பெடல். நூறு டாலருக்குள் வரும் வேலட்டன் ஜிபி-5 போன்ற சீனக் கருவிகளையும் இளப்பமாகப் பார்க்காதீர்கள், படிக்கிற பையனுக்குத் தாராளம். மாதத்துக்குப் பல கச்சேரி வாசிப்பவருக்கு ஸ்டாம்ப் போன்ற நடு விலைக் கருவியோடு கூடுதலாக ஒரு ஸ்விட்ச் பெட்டி, அல்லது நேரடியாக எட்டு ஸ்விட்ச் வைத்த ஒன்று. ஆயிரம் டாலருக்கு மேலே போவது, ஒரே மேடையில் பல குழுக்களுக்கு வாசிக்கிறவருக்கும் ஸ்டூடியோவில் கூலிக்கு வாசிக்கிறவருக்கும் நியாயம். மற்றவர்கள் ஆசைக்கு வாங்கலாம், தப்பில்லை, டோனுக்கு என்று வீட்டில் பொய் சொல்ல வேண்டாம்.

பழைய கருவி வாங்குவதுதான் இந்தச் சந்தையில் புத்திசாலித்தனம், ஏனென்றால் டிஜிட்டல் கருவி புது மாடல் வந்த அன்றே விலை இறங்கிவிடும். விற்கிறவர் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். எல்லா ஸ்விட்சையும் காலால் மிதித்துப் பாருங்கள், கையால் அமுக்கினால் தெரியாது. ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பித் திரையில் எண் தாவுகிறதா என்று கவனியுங்கள். யுஎஸ்பியில் கணினியோடு பேசுகிறதா, கடைசிப் புதுப்பிப்பு ஏறியிருக்கிறதா, வேறு யாருடைய கணக்கிலாவது பதிவாகி இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரிஜினல் அடாப்டரைக் கேட்டு வாங்குங்கள். ஸ்டாம்புக்கு 9 வோல்ட் 3 ஆம்பியர் வேண்டும், சாதாரண பெடல் அடாப்டர் அதற்குப் பத்தாது. "அடாப்டர் வீட்ல எங்கயோ இருக்கு, அப்புறம் தர்றேன்" என்றால் அதன் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்.